தவளை எடுக்க ஒரு சின்னக் கேமரா: ஒலிம்பஸ் டிஜி-6

அவசரமாகப் படிக்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது தவளைக் கேமரா. பல்லிக்கும் நன்றாகவே உதவும். பாறையில் ஓடும் ஓணானுக்கு உதவாது. உயிரோடு இருக்கும் பாம்பைப் பார்த்தால் இதைப் பையிலேயே வைத்துவிடுங்கள். வாங்கலாமா வேண்டாமா என்பதை நீங்கள் எந்தப் பிராணியைத் தேடிப் போகிறீர்கள் என்பதுதான் முடிவு செய்யும். எத்தனை மெகாபிக்சல், எவ்வளவு ஆழம் தாங்கும் என்பதெல்லாம் அப்புறம்தான்.

நான் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், பாரூர் ஏரிப் பக்கம் ஒரு ஊர்ப் பால் சங்கத்தில் வேலை பார்க்கிறேன். விடிவதற்கு முன்னால் டிவிஎஸ் எக்ஸெல்லில் ஏரிக்கரை வழியாகப் போய்ச் சங்கத்தைத் திறக்க வேண்டும். சாயங்காலப் பால் முடிந்து வீடு திரும்பும்போது இருட்டிவிடும். தவளை, பல்லி எல்லாம் நடமாடுகிற நேரமும் அதுதான் என்பதால், என் இயற்கை ஆர்வம் முழுவதும் வேலைக்குப் போகும் வழியிலும் வரும் வழியிலும்தான் நடக்கிறது. பெரிய கேமராவும் முக்காலியும் தூக்கிக்கொண்டு போகிற பிழைப்பு இல்லை. சட்டைப் பையில் போட்டால் உட்கார வேண்டும். மழையில் நனைந்தாலும் பால் சிந்தினாலும் குழாயடியில் காட்டிக் கழுவ முடிய வேண்டும். எனக்குத் தேவை இவ்வளவுதான்.

டிஜி-6 இந்த இரண்டிலும் தேறுகிறது. 2019-இல் வந்த மாடல், பேட்டரியோடு சேர்த்து 253 கிராம். 15 மீட்டர் ஆழம் வரை தண்ணீர் தாங்கும், 2.1 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்கும் என்று தயாரித்த நிறுவனமே சொல்கிறது. ஜூம், 35 எம்எம் ஃபிலிம் கேமராக் கணக்கில், 25-இலிருந்து 100 மில்லிமீட்டருக்குச் சமம். படம் 12 மெகாபிக்சல், பிறகு கணினியில் திருத்த வசதியான ரா கோப்பும் கிடைக்கும். சென்சார் மட்டும் ரொம்பச் சின்னது, 1/2.33 அங்குலம். பெங்களூரில் பழைய கேமரா விற்கும் ஒரு கடையில், ஃபிளாஷ் வெளிச்சத்தைப் பரப்பும் டிஃப்யூசரோடு சேர்த்து 27,000 ரூபாய்க்கு வாங்கினேன். அதற்கு முன்னால் செல்போனில் கிளிப் லென்ஸ் மாட்டித்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். அது பகலில் பரவாயில்லை. இருட்டில், மழையில், குனிந்து ஒரு கையால் டார்ச் பிடித்துக்கொண்டு செய்கிற வேலைக்கு ஆகாது.

இந்தக் கேமராவின் உயிர் அதன் மைக்ராஸ்கோப் முறையில் இருக்கிறது. லென்ஸுக்கு 1 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து 30 சென்டிமீட்டர் வரை இருக்கும் எதையும் ஃபோகஸ் செய்யும். விளம்பரங்களில் அந்த ஒரு சென்டிமீட்டரைத்தான் பெரிதாகப் போடுகிறார்கள். களத்தில் அது பெரும்பாலும் வேண்டாத எண். ஒரு சென்டிமீட்டருக்குப் போனால் கேமராவின் நிழலே தவளை மேல் விழும், தவளையும் குதித்துவிடும். நான் செய்வது இதுதான்: ஜூமை முழுக்க நீட்டிவிட்டு ஒரு சாண் தள்ளியே இருப்பது. இரண்டு சென்டிமீட்டர் தவளைகூட அந்தத் தூரத்தில் பார்க்கும்படியான அளவுக்கு வந்துவிடும். அதற்கும் தொந்தரவு இல்லை, நமக்கும் வெளிச்சம் வைக்க இடம் கிடைக்கும்.

கோடை மழை முதல் தடவை கொட்டித் தீர்க்கும் ராத்திரியில் இதன் மதிப்பு தெரியும். மாந்தோப்புகளுக்கு நடுவே பள்ளங்களில் தண்ணீர் தேங்கியதும், அதுவரை மண்ணுக்குள் கிடந்ததெல்லாம் வெளியே வந்துவிடும். மைக்ரோஹைலா ஆர்னேட்டா என்ற குறுவாய்த் தவளை கட்டைவிரல் நகத்தை விடச் சற்றுத்தான் பெரியது. கத்துகிற கத்தைக் கேட்டால் உள்ளங்கை அளவு தவளையைத் தேடுவோம். டார்ச் அடித்துப் பத்து நிமிடம் தேடினாலும் கண்ணில் படாமல், கால் பக்கத்திலேயே புல்லடியில் உட்கார்ந்திருக்கும். அதன் முதுகில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அமைந்த கருஞ்சித்திரம் இருக்கிறதே, அதை டிஜி-6-இல் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் முதல்முறையாக ஒழுங்காகப் பார்த்தேன். அதே பள்ளத்தில் மண் தோண்டும் தவளை, ஸ்ஃபீரோதீக்கா, உருண்டையாக உட்கார்ந்திருக்கும். அதன் பின்னங்காலின் அடியில் மண்வெட்டி போல ஒரு தடித்த மேடு உண்டு. அதை வைத்துத்தான் பின்பக்கமாகவே மண்ணுக்குள் இறங்கும். இனத்தை உறுதி செய்ய அந்த மேடு படத்தில் தெரிய வேண்டும். தவளையைப் பிடித்துத் திருப்பாமல், தரையோடு தரையாகக் கேமராவை வைத்து அதை எடுக்க முடிவது இந்தச் சின்ன உடம்பால்தான். சேற்றில் அப்படியே வைத்துவிடலாம். பெரிய எஸ்எல்ஆர் கேமரா வைத்திருக்கும் நண்பர்கள் இதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள்.

பெரிய தவளை, அதாவது ஹாப்லோபேட்ராக்கஸ் டைகரினஸ், ஆண் மழைக்காலத்தில் எலுமிச்சை மஞ்சளாக மாறித் தொண்டையின் இரண்டு பக்கமும் நீலப் பைகளை ஊதும். இதற்கு ப்ரோ கேப்சர் என்றொரு வசதி உதவுகிறது. பொத்தானைப் பாதி அழுத்தி வைத்திருந்தால், முழுதாக அழுத்துவதற்குச் சற்று முன்னால் நடந்ததையும் சேர்த்து நொடிக்கு 10 படம் வேகத்தில் பதிவு செய்துவிடும். பை ஊதிய பிறகு அழுத்தினாலும் ஊதும் தருணம் கிடைத்துவிடுகிறது. ஆனால் வெளிச்சம் போதாவிட்டால் படம் முழுக்கப் புள்ளிப் புள்ளியாக இருக்கும். சின்னச் சென்சாரின் குணம் அது. மேகமூட்டமான பகலில் கத்துகிற தவளை கிடைத்தால் அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபோகஸ் ஸ்டாக்கிங் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கேமராவைப் புகழ்கிற எல்லோரும் அதைத்தான் முதலில் புகழ்கிறார்கள். இவ்வளவு கிட்டத்தில் எடுக்கும்போது கண் துல்லியமாக இருந்தால் மூக்கு மங்கும், மூக்கு துல்லியமாக இருந்தால் காது மங்கும். அதனால் ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, கேமராவே ஒன்றாகச் சேர்த்துக் கொடுக்கிறது. பூவுக்கும் காளானுக்கும் அற்புதம். தவளைக்கு ஒரு சிக்கல் இருக்கிறது: தவளை தொண்டையை அசைத்துத்தான் காற்றை உள்ளே தள்ளுகிறது. சிலை மாதிரி உட்கார்ந்திருக்கும் தவளைக்குக்கூடத் தொண்டை மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். சேர்த்த படத்தில் கண், காது வட்டம், முதுகுத் தோல் எல்லாம் கண்ணாடி மாதிரி இருக்க, தொண்டை மட்டும் இரட்டையாகக் கலங்கி நிற்கும். மேலிருந்து முதுகை எடுத்தால் தப்பிக்கலாம். பக்கவாட்டில் எடுக்க வேண்டுமானால் ஒற்றைப் படம்தான், கண்ணுக்கு ஃபோகஸ் வைத்து மற்றதை விட்டுவிட வேண்டும்.

அபர்ச்சரை, அதாவது லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளையைச் சுருக்கி, முன்னும் பின்னும் துல்லியமாகத் தெரியும் ஆழத்தைக் கூட்டலாமே என்று கேட்கலாம். இதில் அபர்ச்சர் முறையில் மூன்றே படிகள்தான். மூன்றாவது படியும் உள்ளே இருக்கும் வடிகட்டியால் வெளிச்சத்தைக் குறைப்பதுதான், அதனால் ஆழம் அதிகரிக்காது. ஷட்டர் வேகத்தை நாமே வைக்கும் முறையும் இல்லை, முழு மேனுவலும் இல்லை. கேமராவோடு சண்டை போட்டுக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். எனக்கு இல்லை. பால் அளக்கப் போகிற அவசரத்தில் இருப்பவனுக்குத் திருகுவதற்குக் குறைவாக இருப்பதே நல்லது.

இனி வெளிச்சம். லென்ஸைச் சுற்றி மாட்ட இரண்டு உபகரணங்கள் தனியாக விற்கிறார்கள். எல்ஜி-1 என்பது கேமராவின் சின்ன எல்இடி விளக்கை வளையமாகப் பரப்பும். எஃப்டி-1 என்பது ஃபிளாஷைப் பரப்பும். இரண்டில் ஒன்றைத்தான் மாட்ட முடியும். தவளைக்கு எஃப்டி-1 வாங்குங்கள். எல்இடி வெளிச்சம் போதாமல் கை நடுக்கம் தெரிந்துவிடும். ஃபிளாஷ் அசைவை உறைய வைத்துவிடும். குறை என்னவென்றால், ஈரத்தோல் மேலும் கண்ணிலும் வெள்ளையாக ஒரு வளையம் பிரதிபலிக்கும். சங்கத்தில் சோதனைக்குப் பால் எடுக்கும் வெள்ளை பிளாஸ்டிக் குப்பி ஒன்றை நறுக்கி அதன் முன்னால் ஒட்டிப் பார்த்தேன், வளையம் நன்றாகவே கரைந்துவிட்டது. சங்கத் தலைவர் கண்டால் குப்பிக்குக் கணக்குக் கேட்பார்.

ஃபிளாஷை ஒரே தவளை மேல் திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள். இருட்டுக்குப் பழகிய கண் அது. நான்கைந்து படத்தோடு விட்டுவிட்டு டார்ச்சையும் திருப்பிவிடுவது என் வழக்கம். கையில் கொசுத் தைலம் தடவியிருந்தால் தொடவே வேண்டாம், தவளைத் தோல் எல்லாவற்றையும் உறிஞ்சும். தண்ணீர் புகாத கேமராவால் இங்கே இன்னொரு நன்மையும் உண்டு. ஒரு குளத்திலிருந்து இன்னொரு குளத்துக்குப் போகும் முன் கேமரா, செருப்பு எல்லாவற்றையும் கழுவிவிடலாம். உலகின் பல பகுதிகளில் தவளைகளைக் கொன்றிருக்கும் கைட்ரிட் பூஞ்சை தண்ணீர் வழியாகவும் பரவக்கூடியது.

பல்லிக்கு வருவோம். எங்கள் சங்கத்து டியூப்லைட்டடியில் விடிகாலைக் கூட்டம் எப்போதும் உண்டு. வரிசையில் நிற்கிறவர்கள் கேனைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். "ஏங்ணா, அந்தப் பல்லி எத்தன லிட்டரு ஊத்துச்சு?" என்று ஒரு அக்கா தினமும் கேட்பார். அவர் கிண்டலுக்கு இடையில் எடுத்த படங்களில்தான் சங்கத்தைச் சுற்றி இருப்பவை இரண்டு இனம் என்று பிரிக்க முடிந்தது. வால் முழுக்க முள் வரிசைகள் வளையம் வளையமாக இருந்தால் ஹெமிடாக்டைலஸ் ஃப்ரெனேட்டஸ், "சிக் சிக்" என்று சொல்கிற வீட்டுப் பல்லி. வெளியே புளியமரத்து அடியில் கிடைக்கும் பெரிய உடம்புக்காரன், மரப்பட்டை நிறம், ஹெமிடாக்டைலஸ் லெஷனால்டி. பல்லி தவளை மாதிரி இல்லை, அசையாமல் இருக்க வேண்டும் என்றால் நிஜமாகவே அசையாது. ஸ்டாக்கிங் இங்கே முழுப் பலன் தருகிறது. விரலடித் தகடுகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். சுவர் வெள்ளையாக இருந்தால் மட்டும் கேமரா ஏமாந்து பல்லியைக் கருப்பாக்கிவிடும், வெளிச்ச அளவை ஒரு படி ஏற்றிக்கொள்ளுங்கள்.

ஓணானுக்கு ஏன் உதவாது என்றேன்? எங்கள் மாவட்டத்தில் எந்தக் கரட்டில் ஏறினாலும் பாறை ஓணான், சாமோஃபிலஸ் டார்சாலிஸ், இருக்கும். பெண்ணுக்காகவோ இன்னொரு ஆணோடு மோதவோ நேரும்போது ஆண் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிறம் மாறும். முதுகும் தலையும் சிவப்பும் மஞ்சளுமாக, பக்கவாட்டு கருப்பாக, அடுத்த சில நொடிகளில் வேறொன்றாக. மேமாத வெயிலில் கிருஷ்ணகிரி மலைக்கோட்டைப் பாறைகளில் இதைப் பார்ப்பதற்கே தனியாகப் போகலாம். ஆனால் அது நம்மைப் பார்த்துவிட்டால் பல அடி தள்ளியே பாறைக்குப் பின்னால் போய்விடும். 100 மில்லிமீட்டர் ஜூமில் படத்தின் நடுவே ஒரு சிவப்புப் புள்ளிதான் மிஞ்சும். தரையில் விசிறி மாதிரித் தொண்டையை விரிக்கும் சிட்டானா என்ற சின்ன ஓணானுக்கும் இதே கதிதான். இவற்றுக்குப் பழைய சூப்பர்ஜூம் கேமரா ஒன்று இதைவிடக் குறைந்த விலையில் கிடைத்தாலும் இதைவிட நல்ல படம் தரும். பச்சோந்தி மட்டும் விதிவிலக்கு. வேலிக் கிளையில் அது நகரும் வேகத்துக்கு எந்தக் கேமராவும் போதும்.

பாம்பு விஷயத்தில் நான் கறாராகவே இருக்கிறேன். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் எங்கள் பக்கம் பஞ்சமில்லை. 30 சென்டிமீட்டருக்குள் வந்தால்தான் அழகாக எடுப்பேன் என்கிற கேமராவை வைத்துக்கொண்டு சுருட்டையின் முன்னால் உட்காருவது கேமராவின் பேச்சைக் கேட்டுச் சாவது. பாம்பின் நீளத்துக்குக் குறையாத தூரத்தில் நிற்க வேண்டும், சந்தேகமிருந்தால் இன்னும் தள்ளி. அந்தத் தூரத்திலிருந்து அடையாளத்துக்கு ஒரு படம் வேண்டுமானால் செல்போன் ஜூமே போதும். இது விஷமில்லாததுதான் என்று நினைத்துக் கிட்டே போகிறவர்களுக்கும் சொல்கிறேன்: கட்டுவிரியனையும் அதைப் போலவே தெரியும் விஷமில்லாத வெள்ளிக்கோல் வரையனையும் இரவில், டார்ச்சில், ஓடுகிற உடம்பில் பிரித்துவிடுவேன் என்று நம்புகிறவர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியைத் தெரிந்து வைத்திருக்கட்டும்.

ஆனால் பாம்புச் சட்டைக்கு டிஜி-6 போல ஒன்று கிடையாது. இதை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை. வைக்கோல் போரின் அடியில், மாட்டுக் கொட்டகைச் சுவர் இடுக்கில், கிணற்றுமேட்டில் உரித்துப் போட்ட சட்டைகள் கிடைத்துக்கொண்டே இருக்கும். ஊர்க்காரர்களே கூப்பிட்டுக் காட்டுவார்கள், "இது நல்லதா, விரியனா, பாத்துச் சொல்லுங்ணா" என்று. சட்டை மூச்சு விடாது, ஓடாது. ஸ்டாக்கிங் வைத்து எடுத்தால் ஒவ்வொரு செதிலும் விளிம்போடு வரும். கட்டுவிரியன் என்றால் முதுகு நடுவில் ஒரு வரிசைச் செதில் மற்றவற்றை விடப் பெரிதாக, அறுகோணமாக இருக்கும். உடம்பின் நடுப்பகுதியில் சுற்றி எண்ணினால் 15 வரிசை. வாலடிச் செதில்கள் ஒற்றையாக இருக்கும். வெள்ளிக்கோல் வரையனுக்கு 17 வரிசை, நடு வரிசை பெரிதாக இருக்காது, வாலடிச் செதில்கள் இரட்டை இரட்டையாகப் பிரிந்திருக்கும். போன ஐப்பசியில் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் கொட்டகையில் கிடைத்த சட்டையை இப்படிப் படம் எடுத்து, கேமராத் திரையிலேயே பெரிதாக்கி எண்ணிக் காட்டினேன். கட்டுவிரியன்தான். அன்றைக்கே அவர் கட்டிலை வாங்கி வந்து போட்டுக்கொண்டார். அதுவரை தரையில் பாய் விரித்துத்தான் படுத்திருந்தார். கட்டுவிரியன் கடிகள் பெரும்பாலும் அப்படித் தரையில் தூங்குகிறவர்களுக்குத்தான் நேர்கின்றன. ரோட்டில் அடிபட்டுக் கிடப்பவற்றையும் இதே முறையில் பதிவு செய்யலாம். செத்துவிட்டது என்று கையால் மட்டும் தூக்காதீர்கள், செத்த விரியனின் தலையும் கடிக்கும்.

அடுத்தது ஜிபிஎஸ். இந்தக் கேமராவில் உள்ளேயே ஜிபிஎஸ் இருக்கிறது, எடுத்த இடம் ஒவ்வொரு படத்திலும் எழுதப்பட்டுவிடும். பதிவு வைத்துக்கொள்ள வசதிதான். மேலே இருக்கும், போகும் தடத்தைப் பதியும் லாக் (LOG) குமிழைத் தள்ளி மறந்துவிட்டால் கேமராவை அணைத்த பிறகும் ஓடிக்கொண்டிருந்து பேட்டரியைக் காலி செய்யும் என்பது ஒன்று. அதைவிட முக்கியம், நட்சத்திர ஆமையும் மண்ணுளிப் பாம்பும் கடத்தல்காரர்கள் தேடுகிற பிராணிகள். நட்சத்திர ஆமையைச் சர்வதேச வணிகத் தடையின் உச்சப் பட்டியலுக்கு 2019-இல் ஏற்றினார்கள், அந்த அளவுக்கு அதற்கு ஆபத்து. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இடக்குறிப்பு கழன்றுவிடும். தரம் குறையக் கூடாது என்று டாக்குமெண்டாக அனுப்பினால் அப்படியே போகும். உயிரினப் படங்களைப் பதிவேற்றும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஆபத்திலிருக்கும் இனங்களின் இடத்தை 0.2 பாகை அட்ச-தீர்க்கக் கட்டத்துக்குள் அவர்களே மங்கலாக்கிவிடுகிறார்கள். மற்றவற்றுக்கு நாமே அந்தத் தேர்வைப் போட வேண்டும். நான் இந்த இரண்டு பிராணிகளுக்கும் ஜிபிஎஸ்ஸை முன்கூட்டியே அணைத்துவிடுகிறேன்.

இந்தக் கேமராவை எடுத்துக்கொண்டு அஞ்செட்டி, ஜவளகிரிக் காட்டுக்குள் ராத்திரியில் போகலாமா என்று ஒரு தம்பி கேட்டார். கூடாது. அந்தப் பக்கம் காவேரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் இருக்கிறது, 2022-இல் 686 சதுர கிலோமீட்டரில் காவேரி தெற்கும் சேர்ந்தது. அனுமதி இல்லாமல் நுழைவது சட்டப்படி குற்றம், யானைக்கு அந்தச் சட்டமும் தெரியாது. ஏரிக்கரை, மாந்தோப்பு, குளியலறைச் சுவர், தண்ணீர்த் தொட்டி இவற்றிலேயே பல வருடத்துக்கு வேலை இருக்கிறது. தொட்டி மேல் மரத்தவளை கட்டும் நுரைக்கூட்டை நாள்தோறும் ஒரு படம் எடுத்தால், தலைப்பிரட்டைகள் தண்ணீரில் விழும் வரை வீட்டை விட்டு நகரவே வேண்டாம்.

டிஜி-7 என்று, ஒலிம்பஸ் கேமராக்களின் புதிய பெயரான ஓஎம் சிஸ்டம் பெயரில் 2023-இல் ஒன்று வந்தது. சார்ஜ் துளை யுஎஸ்பி-சி ஆகியிருக்கிறது, இதில் பழைய மைக்ரோ யுஎஸ்பி. லென்ஸும் சென்சாரும் கிட்டத்தட்ட அதேதான். எனவே நல்ல நிலையில் பழைய டிஜி-6 கிடைத்தால் அதையே வாங்குங்கள். வாங்கும்போது பேட்டரி மூடியையும் பக்கவாட்டு மூடியையும் திறந்து ரப்பர் வளையத்தைப் பாருங்கள். வெடிப்போ மணலோ இருந்தால், உலோகத்தில் பச்சை பூத்திருந்தால், விலையைப் பேசாமலே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். லென்ஸின் உட்பக்கம் மூட்டமாக இருக்கிறதா என்று வெயிலில் பிடித்துப் பார்க்க வேண்டும். பேட்டரி எல்ஐ-92பி, ஒரு தடவை சார்ஜ் செய்தால் 340 படம் என்பது தொழிற்சாலைக் கணக்கு, ஃபிளாஷ் அடித்துக்கொண்டே எடுத்தால் அவ்வளவு வராது. மழை ராத்திரிக்கு இரண்டாவது பேட்டரி கட்டாயம். எஃப்டி-1 இல்லாமல் வெறும் கேமராவை மட்டும் மலிவாகக் கொடுக்கிறார்கள் என்றால், டிஃப்யூசரின் விலையையும் கூட்டிப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.